ஒரே தரவு, இரண்டு பதில்கள்: ஹார்மோன் மாத்திரையும் பெண்களின் இதயமும்

1985 அக்டோபர் 24 தேதியிட்ட நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இதய நோய் குறைகிறதா, கூடுகிறதா? அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1,234 பெண்களைப் பார்த்தவர்கள், 50 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது என்றார்கள். 32,317 செவிலியர்களைப் பார்த்தவர்கள், பாதியாகக் குறைகிறது என்றார்கள். இரண்டும் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன என்று ஜான் பெய்லர் அதே இதழில் தலையங்கமே எழுதினார்.

உலகம் செவிலியர் ஆய்வை நம்பியது. அடுத்த 17 ஆண்டுகளில் கோடிக்கணக்கான மாத்திரைகள் அந்த நம்பிக்கையின் மேல் எழுதிக் கொடுக்கப்பட்டன. 2002ல் அந்த நம்பிக்கை உடைந்தது. பிறகு 2008ல், பெரும்பாலானோர் கவனிக்காத இன்னொன்று நடந்தது: அதே செவிலியர்களின் அதே தரவை எடுத்து, கேள்வியை மட்டும் திருத்திக் கேட்டபோது பதில் மாறியது. அந்த மூன்றாவது கட்டத்துக்காகத்தான் இந்த வழக்கை எழுதுகிறேன். வகுப்பில் சார்புக்கும் ஏற்புடைமைக்கும் (ஆய்வின் பதில் சரியா, யாருக்குப் பொருந்தும் என்பது) இலக்கணம் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து எங்கே இடிக்கிறது என்று கேட்டால் திணறுகிறார்கள். இந்த ஒரு கதையைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் அந்தத் திணறல் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

சார்பு என்று நாங்கள் சொல்வது யாரோ ஒருவரின் பாரபட்சத்தை அல்ல. ஆய்வின் அமைப்புக்குள்ளேயே இருந்துகொண்டு பதிலை ஒரு பக்கமாக இழுக்கும் பிழை அது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் எத்தனை முறை நிறுத்தாலும் அதே தவறான எடைதான் வரும். தற்செயல் பிழை ஆட்களைக் கூட்டக் கூட்டக் குறையும், சார்பு குறையாது. 30 ஆயிரம் பேர், 70 ஆயிரம் பேர் என்று எண்ணிக்கை ஏற ஏற, தவறான பதிலின் மேல் நமக்கு உறுதிதான் ஏறும்.

மாத்திரை எங்கிருந்து வந்தது

பிரிமரின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1942ல் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் அது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பில் திடீரென்று நெருப்பு ஏறுவது போன்ற வெக்கை, இரவில் நைட்டியெல்லாம் நனையும் வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்காகக் கொடுத்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. 1975ல் இந்த மாத்திரைக்கும் கர்ப்பப்பையின் உள்சவ்வுப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிய வந்தது. அதன்பின் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இதயம் இதில் எப்படி நுழைந்தது? மாதவிடாய் இருக்கும் காலத்தில் பெண்களுக்கு அதே வயது ஆண்களைவிட மாரடைப்பு குறைவு. வயதாக ஆக அந்த இடைவெளி சுருங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது, நல்ல கொழுப்பைக் கூட்டுகிறது. இது ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். அப்படியானால் இழந்த ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் இதயம் காப்பாற்றப்படும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். இப்படி ஒரு நல்ல விளக்கம் தயாராகக் கையில் இருந்ததால்தான், வந்த பதிலை யாரும் போதுமான அளவு உலுக்கிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

செவிலியர் ஆய்வு மோசமான ஆய்வு அல்ல

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1976ல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 30 முதல் 55 வயதுக்குட்பட்ட 1,21,700 செவிலியர்களிடம் தபாலில் கேள்வித்தாள் அனுப்பித் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த கேள்வித்தாள் வரும். என்ன மாத்திரை, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பா என்று எல்லாம் கேட்டார்கள். செவிலியர்கள் என்பதால் மருந்தின் பெயரைத் தவறில்லாமல் எழுதுவார்கள்.

இன்னொரு நல்ல விஷயம், நோய் வருவதற்கு முன்பே மாத்திரை பற்றிய தகவல் வாங்கப்பட்டுவிட்டது. மாரடைப்பு வந்தவரிடம் போய் "முன்பு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், அவர் நினைவைத் துழாவித் துழாவி அதிகமாகச் சொல்வார், வராதவர் அசட்டையாக விட்டுவிடுவார். அந்த நினைவுச் சார்புக்கு இங்கே இடமில்லை. எல்லோரும் ஒரே தொழிலில் இருப்பவர்கள் என்பதால் படிப்பிலும் வருமானத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வும் இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ள சோதனைப் பட்டியலை எடுத்து வைத்துக் குறித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான கட்டங்களில் இந்த ஆய்வு தேறிவிடும்.

முடிவுகளும் ஒன்றுபோலவே வந்துகொண்டிருந்தன. 1985ல், வாழ்நாளில் ஒருமுறையாவது எடுத்திருந்தவர்களின் ஆபத்து எடுக்காதவர்களின் ஆபத்தில் 0.5 மடங்கு. 1991ல், அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 0.56 மடங்கு. 1996ல், புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களுக்கு 0.39 மடங்கு. 2000ல், 70,533 பெண்கள் சேர்ந்த பிறகு 0.61 மடங்கு. 0.56 என்றால், மாத்திரை எடுக்காத 100 பேருக்கு மாரடைப்பு வரும் இடத்தில் எடுப்பவர்களில் 56 பேருக்குத்தான் வரும். வேறு பல ஊர்களில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. இதய நோய் உள்ள பெண்களுக்கும் அதற்கான ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கும் ஹார்மோன் சிகிச்சை பலன் தரக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 1992ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. வெக்கைக்காகக் கொடுத்த மாத்திரை, எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணுக்கும் தடுப்பு மருந்தாக ஆனது இந்தக் கட்டத்தில்தான்.

முன்பே கிடைத்த மூன்று தடயங்கள்

முதல் தடயம் ஆண்களிடமிருந்து வந்தது. கொரோனரி டிரக் ப்ராஜெக்ட் என்ற சோதனையில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களில் சிலருக்குக் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1980ல் வந்த கட்டுரையில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. நான் மாணவர்களிடம் காட்டும்போது பாதியைக் கையால் மறைத்துக்கொள்வேன். மருந்தைச் சொன்னபடி, 80 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். சரியாக எடுக்காதவர்களில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 25 சதவீதம். "மருந்து வேலை செய்கிறதா?" என்று கேட்பேன். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அப்புறம் கையை எடுப்பேன். வெற்று மாத்திரையைச் சரியாக எடுத்தவர்களில் இறந்தவர்களும் 15 சதவீதம்; சரியாக எடுக்காதவர்களில் 28 சதவீதம்.

வெற்று மாத்திரைக்கு உயிரைக் காக்கும் சக்தி கிடையாது. அதை நாள் தவறாமல் விழுங்கும் மனிதரிடம்தான் ஏதோ இருக்கிறது. அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறவராக, டாக்டர் சொல்வதைக் கேட்கிறவராக, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவராக இருக்கலாம். அல்லது மாத்திரை எடுக்க முடியாத அளவுக்கு உடம்பு முடியாமல் போகாதவராக இருக்கலாம். அந்த ஆய்வாளர்கள் தெரிந்த காரணிகளை எல்லாம் கணக்கில் சரிக்கட்டிப் பார்த்தார்கள். வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, மறையவில்லை. கணக்கில் சரிக்கட்டுவது என்பது நாம் அளந்ததை மட்டும்தான் சரிக்கட்டும்.

இரண்டாவது தடயம் கலிஃபோர்னியாவின் வால்நட் கிரீக் ஆய்விலிருந்து வந்தது. டயானா பெட்டிட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1980களின் நடுவில் அதைச் சுட்டிக்காட்டினார்கள். ஹார்மோன் எடுத்த பெண்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருந்தது, சரி. ஆனால் விபத்து, தற்கொலை, கொலை ஆகியவற்றால் நேர்ந்த மரணங்களும் குறைவாக இருந்தன. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒருவரைக் கொலையிலிருந்து காப்பாற்றாது. மருந்தால் மாறவே முடியாத ஒரு விளைவு மாறியதாகத் தெரிந்தால், எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு வாழ்க்கையில் இருந்தார்கள் என்று பொருள். எந்த ஆய்வையும் பரிசோதிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக, கேத்லீன் மேத்யூஸ் குழுவினர் 541 பெண்களை மாதவிடாய் நிற்பதற்கு முன்பே அளந்து வைத்துவிட்டு, பின்னால் யார் ஹார்மோன் எடுக்கிறார்கள் என்று காத்திருந்து பார்த்தார்கள். 1996ல் பதில் வந்தது. பின்னால் எடுக்கப்போகிறவர்களுக்கு, எடுப்பதற்கு முன்பே ரத்த அழுத்தம் குறைவு, நல்ல கொழுப்பு கூடுதல், உடற்பயிற்சி கூடுதல், படிப்பும் கூடுதல். சான் டியாகோவில் இருந்த எலிசபெத் பேரெட்-கானர் இதை 1991லேயே 'தடுப்புச் சார்பு' என்று எச்சரித்திருந்தார். உடம்பைப் பேணுகிறவர்கள்தான் தடுப்பு மாத்திரையைத் தேடி வருவார்கள்; மாத்திரை வந்து அவர்களைப் பேண வைப்பதில்லை.

தடயங்கள் கையில் இருந்தும் மருந்துச்சீட்டுகள் நிற்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தம் வருகிறது. அறிவு இல்லாமல் நடந்தது அல்ல இது.

குலுக்கல்

இப்படி மாத்திரையோடும் நோயோடும் சேர்ந்தே வந்து பதிலைக் குழப்பும் வசதி, பழக்கம் போன்றவற்றைக் குழப்பக் காரணிகள் என்போம். அவற்றிலிருந்து தப்பிக்க ஒரே நேர்வழி, யார் மாத்திரை எடுப்பது என்ற முடிவைப் பெண்ணிடமிருந்தும் டாக்டரிடமிருந்தும் எடுத்துக் குலுக்கலிடம் கொடுப்பதுதான். 1998ல் வந்த ஹெர்ஸ் சோதனை அதைச் செய்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 2,763 பெண்கள், சராசரியாக 4.1 ஆண்டுகள். ஹார்மோன் எடுத்தவர்களில் 172 பேருக்கு மாரடைப்போ இதய நோய் மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 176 பேருக்கு. அதாவது ஒன்றுமில்லை. அதோடு முதல் ஆண்டில் ஹார்மோன் குழுவில்தான் நிகழ்வுகள் அதிகம். இந்த 'முதல் ஆண்டு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அதில் இருக்கிறது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி 1991ல் தொடங்கிவைத்தது பெண்கள் நலவாழ்வு முன்னெடுப்பு. அதன் ஒரு பகுதியில், கர்ப்பப்பை உள்ள, 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் சேர்ந்தார்கள். 8,506 பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, 8,102 பேருக்கு வெற்று மாத்திரை. 8.5 ஆண்டுகள் நடத்தத் திட்டம். 2002 மே 31 அன்று, சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆன நிலையில், கண்காணிப்புக் குழு போதும் நிறுத்துங்கள் என்றது. மார்பகப் புற்றுநோய் முன்பே வகுத்த எல்லையைத் தாண்டியிருந்தது. மொத்தக் கணக்கிலும் தீமை நன்மையை மிஞ்சியிருந்தது. ஜூலையில் முடிவு வெளிவந்தது.

மாரடைப்பு 1.29 மடங்கு. பக்கவாதம் 1.41. நுரையீரல் ரத்தக்கட்டி 2.13. மார்பகப் புற்றுநோய் 1.26. குறைந்தவையும் உண்டு: இடுப்பெலும்பு முறிவு 0.66, பெருங்குடல் புற்றுநோய் 0.63.

மடங்கு மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும், எனவே ஆள்கணக்கையும் சொல்ல வேண்டும். 10,000 பெண்கள் ஓராண்டு இந்த மாத்திரையை எடுத்தால் கூடுதலாக 7 இதய நோய் நிகழ்வுகள், 8 பக்கவாதம், 8 நுரையீரல் ரத்தக்கட்டி, 8 மார்பகப் புற்றுநோய். குறைவாக 6 பெருங்குடல் புற்றுநோய், 5 இடுப்பெலும்பு முறிவு. ஒரு தனிப் பெண்ணுக்கு இது சின்ன ஆபத்து. நோயில்லாத லட்சக்கணக்கான பெண்களுக்குத் தடுப்பு மருந்து என்று கொடுக்கும்போது சின்னதல்ல. அன்றைய செய்திகளில் மடங்குதான் பெரிதாக வந்தது. அமெரிக்காவில் 2001ல் 9 கோடிக்கு மேல் இருந்த ஹார்மோன் மருந்துச்சீட்டுகள் 2003ல் 5.7 கோடியாகச் சரிந்தன.

எங்கே இடித்தது

0.61க்கும் 1.29க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எப்படி விளக்குவது? 2002க்குப் பிறகு எல்லோரும் சொன்ன பதில் குழப்பக் காரணி என்பதுதான்: வசதியான, ஆரோக்கியமான பெண்கள் மாத்திரை எடுத்தார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன தடயங்களும் அதற்குச் சாட்சி. லிண்டா ஹம்ஃப்ரி குழுவினர் 2002லேயே பழைய ஆய்வுகளை வரிசைப்படுத்தி, சமூகப் பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த ஆய்வுகளில் பலன் மறைந்துவிடுவதைக் காட்டியிருந்தார்கள்.

எனக்கு நெடுநாள் அந்தப் பதில் போதும் என்றுதான் தோன்றியது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. செவிலியர் ஆய்வும் 2002ல் வந்த குலுக்கல் சோதனையும் மற்ற நோய்களில் ஒத்துப்போயின. பக்கவாதம் கூடுகிறது என்று இரண்டும் சொல்லின. மார்பகப் புற்றுநோய் கூடுகிறது, இடுப்பெலும்பு முறிவு குறைகிறது என்பதிலும் முரண் இல்லை. ஆரோக்கியமான பெண்கள் என்பதால் மாரடைப்பு குறைந்தது என்றால், அதே பெண்களுக்குப் பக்கவாதமும் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டுக்கும் காரணிகள் கிட்டத்தட்ட ஒன்றுதானே? குழப்பக் காரணி மட்டும்தான் குற்றவாளி என்றால் இந்த இடம் பொருந்தவில்லை.

ஹார்வர்டில் மிகேல் எர்னான் தலைமையில் ஒரு குழு வேறு கேள்வி கேட்டது. செவிலியர் ஆய்வில் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது?

குலுக்கல் சோதனையில் இது தெளிவு. முதல் மாத்திரை விழுங்கும் நாள்தான் முதல் நாள். செவிலியர் ஆய்வில் அப்படி இல்லை. "இப்போது எடுக்கிறீர்களா?" என்று கேள்வித்தாள் கேட்டது. ஆமாம் என்று எழுதியவர்களில் பலர் பல ஆண்டுகளாக எடுத்து வருபவர்கள். ஆரம்பித்த சில மாதங்களிலேயே மாரடைப்பு வந்து இறந்தவர் அந்தக் கேள்வித்தாளுக்குப் பதில் எழுத உயிரோடு இல்லை. ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர் 'எடுப்பவர்' குழுவில் இல்லை. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், ஒருவர் 1982 கேள்வித்தாளில் "எடுக்கவில்லை" என்று எழுதுகிறார். சில மாதம் கழித்து ஆரம்பிக்கிறார். 1984 கேள்வித்தாள் வருவதற்குள் மாரடைப்பு வந்துவிடுகிறது. கணக்கில் அந்த மாரடைப்பு 'எடுக்காதவர்' பக்கம் போய் உட்காரும்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஊரில் சாலையோரம் நின்று, நடந்து வருகிறவர்களின் கால்களைப் பார்த்து, "வெறுங்காலில் நூறு கிலோமீட்டர் நடந்தால் காலுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் முடிவு கட்டினால் எப்படி? முதல் நாளே காலில் கொப்புளம் வெடித்து பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பியவர்கள் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். ஹார்மோன் மாத்திரை இதயத்துக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் தொடக்க காலத்தில். குலுக்கல் சோதனையின் இறுதிக் கணக்கில் முதல் ஆண்டில் மட்டும் ஆபத்து 1.81 மடங்கு. அந்த முதல் ஆண்டைத்தான் செவிலியர் ஆய்வின் பகுப்பாய்வு தவறவிட்டது. பக்கவாதத்தில் அப்படித் தொடக்கத்தில் குவியும் தீங்கு இல்லை. அதனால்தான் அங்கே இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போயின. ஓட்டை அடைபடுகிறது.

எர்னான் குழு என்ன செய்தது? ஒவ்வொரு கேள்வித்தாளையும் ஒரு புதிய சோதனையின் தொடக்க நாள்போல வைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எடுக்காமல் இருந்து, புதிதாக ஆரம்பித்தவர்கள் ஒரு பக்கம், ஆரம்பிக்காதவர்கள் மறுபக்கம். பின்னால் நிறுத்தினாலும் ஆரம்பித்தாலும் அவரவர் தொடங்கிய குழுவிலேயே வைத்து எண்ணியது. குலுக்கல் சோதனையை எப்படி எண்ணுவார்களோ அப்படி. 2008ல் வெளிவந்த பதில்: முதல் இரண்டு ஆண்டுகளில் 1.42 மடங்கு. மொத்தக் காலத்துக்கும் சேர்த்து 0.96, அதாவது காப்பும் இல்லை. குலுக்கல் சோதனையில் அதே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 1.68. 1.42க்கு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 0.92 முதல் 2.20 வரை போகிறது, எனவே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பாதியாகக் குறைகிறது என்ற பழைய பதில் கரைந்துபோய்விட்டது.

இதே செவிலியர்கள், இதே கேள்வித்தாள்கள். புதிதாக ஒரு தாள்கூட அனுப்பவில்லை. குழப்பக் காரணிக்குச் சரிக்கட்டிய விதத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஆரம்பிக்கிற நாளிலிருந்து எண்ணு என்ற ஒரு திருத்தம்தான். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான். கவனிப்பு ஆய்வுகள் (யாருக்கு மாத்திரை என்று தீர்மானிக்காமல், நடப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகள்) எல்லாம் குப்பை, குலுக்கல் ஒன்றே உண்மை என்று 2002ல் பலர் எடுத்துக்கொண்ட பாடத்தை நான் ஏற்காததற்கும் இதுதான் காரணம்.

குலுக்கலுக்கும் கறை உண்டு

வெற்று மாத்திரையா, ஹார்மோனா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு மீண்டும் ரத்தப்போக்கு வரும். வந்தால் காரணம் தெரிய வேண்டும். அப்படி, ஹார்மோன் குழுவில் 40.5 சதவீதம் பேருக்கு ரகசியம் உடைக்கப்பட்டது. வெற்று மாத்திரைக் குழுவில் 6.8 சதவீதம் பேருக்குத்தான். தான் ஹார்மோன் எடுக்கிறோம் என்று தெரிந்த பெண் நெஞ்சில் லேசாக வலித்தாலும் மருத்துவமனைக்கு ஓடக்கூடும். அப்போது கண்டுபிடிப்பு கூடும். மாரடைப்பை உறுதிசெய்த மருத்துவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது என்பது இதற்கு ஓரளவு அணை.

அதோடு ஹார்மோன் குழுவில் 42 சதவீதமும் வெற்று மாத்திரைக் குழுவில் 38 சதவீதமும் மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டார்கள். இது எந்தப் பக்கம் இழுக்கும்? இரண்டு குழுக்களும் ஒன்றுபோல ஆகிக்கொண்டே போவதால் வித்தியாசம் மங்கும். ஆகவே உண்மையான தீங்கு 1.29ஐவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு ஆய்வில் சார்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துவது பாதி வேலை. எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு இழுத்திருக்கும் என்று கேட்டால்தான் அது விமர்சனம்.

யாருக்குப் பொருந்தும்

ஆய்வுக்குள் இருக்கும் பெண்களுக்குப் பதில் சரியா என்பது அக ஏற்புடைமை. அந்தப் பதில் வெளியில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்குப் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. குலுக்கல் சோதனை முதலாவதில் உயர்ந்து நின்றது. இரண்டாவதில்? அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடம் ஆன பெண் வெக்கைக்காக டாக்டரிடம் வருவது அரிது. வருகிறவள் 48, 50, 52 வயதில் வருவாள். செவிலியர்களில் பெரும்பாலோர் எடுக்க ஆரம்பித்ததும் அந்த வயதை ஒட்டித்தான்.

2007ல் ஜாக் ரோசோ குழுவினர் குலுக்கல் சோதனைப் பெண்களை மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு ஆனது என்று பிரித்துப் பார்த்தார்கள். பத்து ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு இதய நோய் 0.76 மடங்கு, 10 முதல் 19 ஆண்டு ஆனவர்களுக்கு 1.10, 20 ஆண்டு தாண்டியவர்களுக்கு 1.28. 0.76ஐ வைத்து இளம் வயதில் காப்பு உண்டு என்று சிலர் கொண்டாடினார்கள். அந்த எண்ணின் நம்பக இடைவெளி 1ஐத் தாண்டுகிறது (1 என்றால் வித்தியாசமே இல்லை), எனவே நான் கொண்டாட மாட்டேன். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கூடக் கூட ஆபத்து ஏறுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன். கர்ப்பப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த இணைச் சோதனையில், 2004ல் வந்த முடிவு வேறு: இதய நோய் 0.91, மார்பகப் புற்றுநோய் 0.77, பக்கவாதம் மட்டும் 1.39. 'ஹார்மோன் மாத்திரை' என்று ஒரே பெயரில் பேசுவதே பிழை என்று இது காட்டியது. இரண்டு சோதனைகளையும் சேர்த்து 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017ல் வெளியிட்ட கணக்கில், மொத்த மரணத்தில் வித்தியாசம் இல்லை: 0.99.

போன வருடம் என் சித்தி கேட்டது இதைத்தான். அவருக்கு வயது 49. அடுப்படியில் நின்றபடி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, இந்த ஹார்மோன் மாத்திரை போட்டால் கேன்சர் வரும்னு சொல்றாங்களே, நிஜமா?" என்றார். இரவில் மூன்று முறை எழுந்து ஜாக்கெட் மாற்றுகிறார், தூக்கம் இல்லை. அவர் கேள்விப்பட்டது 63 வயது சராசரி அமெரிக்கப் பெண்களிடம் கிடைத்த பதில். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் அவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது. இங்கே உடல் எடை, சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோயின் அடிப்படை அளவு எல்லாமே வேறு. மடங்கு ஒன்றாகவே இருந்தாலும் ஆள்கணக்கு வேறாகும்.

"இதயத்துக்கு நல்லதுன்னு யாராவது சொன்னால் அதற்காகப் போடாதீங்க சித்தி" என்றேன். "தூங்க முடியலையேன்னு போடணும்னா, அது வேற கேள்வி."

இன்றைய வழிகாட்டுதல்களும் அந்த இரண்டு கேள்விகளைப் பிரித்தே பதில் சொல்கின்றன. நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக ஹார்மோன் வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022ல் மீண்டும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு, வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம், 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு, தொல்லை தரும் வெக்கைக்காகக் கொடுத்தால் பலன் ஆபத்தைவிட அதிகம் என்றது. சித்தியிடம் மார்பகப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்த பிறகு மகப்பேறு மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார். சித்தி ஆரம்பித்த தேதியை அடுப்படி காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.